தண்ணி டாங்கி

தோட்டத்து வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்தில் மாமாவுக்குத் 'தண்ணி டாங்கி' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு இருந்தது. அது சம்பள நாளில் பெயர் கூப்பிடும்போது மட்டும் வெளியே வரும். பட்டப்பெயர் இல்லாத ஆள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. கருவாடு, ரேடியோ, அரைக்கால் என்று ஆளுக்கொரு பெயரைச் சுமந்துகொண்டு, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு எல்லோரும் காலத்தைத் தள்ளினார்கள். மாமாவால் மட்டும் முடியவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். அந்த ரோஷம்தான் கடைசியில் அவரைக் கப்பலேற்றியது.

மாமா என் அம்மாவின் தம்பி. கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். மஸ்கெலியாவுக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தோட்டத்தில், இளவயதில் அவர் தேயிலைப் பெக்டரியின் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். உலக யுத்தம் வந்தபோது தோட்டத்துச் சின்னதுரையாக இருந்த வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சேர்ந்தார். போகும்போது, இஞ்சின் வேலை தெரிந்தவன் என்று மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கொழும்பில் கப்பல் ஏறி ஈஜிப்டில் இறங்கினார்கள். பாலைவனத்தில் அடிபட்டு வரும் யுத்த டாங்கிகளைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறையில் மாமாவுக்கு வேலை. யுத்தம் முடிந்ததும் மாமா திரும்பி வந்தார். சின்னதுரை வரவில்லை.

வந்தவருக்கு இஞ்சின் ரூமில் இடமில்லை. அங்கே வேறு ஆள் நின்றான். லயங்களுக்கு மேலே பாசி பிடித்த ஒரு தண்ணீர் டாங்கி இருந்தது. அதிலிருந்துதான் எல்லா லயங்களுக்கும் குழாய் வரும். அதில் விழும் சருகையும் செத்த தவளையையும் அள்ளிப் போடுவது, அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடுவது என்ற வேலையை மாமாவுக்குக் கொடுத்தார்கள். பட்டாளத்தில் கொடுத்த காகிதங்களைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, பெட்டிக்குள் அவை கூழாகிவிட்டன.

அதற்குப் பிறகு, யுத்தத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் காட்ட ஒன்றுமில்லை, சொல்லத்தான் முடியும். அவரும் சொன்னார்:

"டாங்கில வேலைங்க."

எங்கள் தோட்டத்தில் டாங்கி என்றால் ஒன்றுதான். தண்ணீர் பிடித்து வைப்பது. அதைத் தவிர வேறு டாங்கி உலகத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "தண்ணி டாங்கி கழுவவா வெள்ளக்காரன் ஒன்னயக் கப்பல்ல கூட்டிட்டுப் போனான்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். இல்லை, அது இரும்பால் செய்தது, உள்ளே ஆள் இருப்பான், அது ஓடும், சுடும் என்று மாமா சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. ஓடுகிற டாங்கி, சுடுகிற டாங்கி என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டிவிட்டார்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, தோட்டத்தில் இருக்கிற எங்களை எல்லாம் எந்த நாட்டு ஆட்களாகக் கணக்கெடுப்பது என்ற கேள்வியும் வந்தது. நாங்கள் இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று மனுக் கொடுக்க வேண்டும். ஹட்டனில் ஓர் அரசாங்கக் கந்தோருக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவர்கள் சரி என்றால் நாம் இந்த நாட்டு மனிதர்கள். இல்லை என்றால் என்னவென்று யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் கையைக் காட்டுவார்கள். தாத்தாவின் தகப்பனார் அந்தப் பக்கத்தில் துறையூருக்குப் பக்கமிருந்து வந்தவராம். மாமாவுக்கு ஈஜிப்ட் தெரியும், துறையூர் தெரியாது.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து விசாரணை முதலில் முடிந்து, பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்டது. அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தவிர வேறெதையும் தொட்டவரல்ல. ஹட்டனைத் தாண்டி எங்கும் போனவருமல்ல. அவரைக் கேட்பதற்கு அவர்களிடம் கேள்வியே இருக்கவில்லை. பிறகு மாமாவின் முறை வந்தது. அம்மா முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு அனுப்பினாள்.

மாமா சந்தோஷமாகத்தான் திரும்பினார். சுருக்கமாக முடித்துவிட்டார்களாம். எழுதியதை இங்கிலீஷில் தட்டெழுதி வைப்பார்களாம். இன்னொரு நாள் போய், வாசிக்கக் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். அன்றைக்கே விசாரணைக்குப் போயிருந்த கங்காணிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் காதில் விழும். அவர் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே உள்ளே நடந்ததைச் சொன்னார்.

"இப்ப என்னா வேலன்னு கேட்டாங்க. டாங்கிங்கன்னாரு. அப்ப யுத்த காலத்திலன்னாங்க. அப்பவும் டாங்கிதாங்கன்னாரு. அவ்வளவுதான். சின்னப் புள்ளயிலேருந்து தண்ணி டாங்கியத் தவிர வேற எதுவும் தெரியாத ஆளுன்னு எழுதிக்கிட்டாங்க. இப்ப ஒங்க ஆளு கவுர்மெண்டு தண்ணி டாங்கி!"

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மாமா எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து அப்பாவிடம் சொன்னார்:

"அத அப்படியே விட முடியாதுங்க மச்சான். லயத்துல சொன்னாங்க, பொறுத்துக்கிட்டேன். கவுர்மெண்டுலயும் எழுதிட்டா நான் போனதே பொய்யின்னு ஆயிரும்ல?"

"ஆனா ஆயிட்டுப் போகுது, மாப்ள. தலைய ஆட்டிட்டாங்கல்ல? போயிக் கையெழுத்தப் போட்டுட்டு வாயேன்."

"ராசாவுக்காகச் சண்டைக்குப் போனவன்னு தெரிஞ்சா எந்திரிச்சு நின்னு குடுப்பாங்க, மச்சான்."

அப்பா யோசித்தார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இந்த நாட்டை ஆண்ட ராஜாவுக்காக மூன்று வருஷம் பாலைவனத்தில் வெந்தவனை வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? லயத்தில் யாரிடம் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அந்தச் சட்டம் தெரியாது. சட்டத்தை எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியாதது போலத்தான்.

ஆனால் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. வாயால் சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். ஆகவே டாங்கியையே கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று மாமா முடிவு செய்தார்.

பெக்டரியில் உடைந்து கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தார். பெட்டியின் மெல்லிய பலகை உடம்புக்கு ஆயிற்று. விளிம்பில் அடித்திருந்த தகரப்பட்டை மேல்தகட்டுக்கு ஆயிற்று. தேயிலை நமுத்துப் போகாமல் உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளைச் சுரண்டி எடுத்து உருக்கி, ஆணித் தலை போலச் சின்னச் சின்ன உருண்டைகளாக வார்த்தார். சக்கரத்துக்கு நூல்கட்டைகள். பீரங்கிக் குழாய்க்கு எதையும் தேடிப் போகவில்லை. ஊருக்குப் பிடித்துக்கொண்டு போக அம்மா வைத்திருந்த ஒரே குடையில் ஒரு கம்பி காணாமல் போயிற்று. அம்மா திட்டித் தீர்த்தாள். மாமா காதில் வாங்கவில்லை.

அளவு விஷயத்தில் அவர் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. நிஜ டாங்கியில் ஓர் அடி என்றால் இதில் ஓர் அங்குலம். நிஜ டாங்கி எங்கே இருக்கிறது என்றால் அவருடைய தலைக்குள்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, ஆகாயத்தில் எதையோ தடவிப் பார்ப்பார். "இந்த மூடி என் நெஞ்சுக்கு வரும்" என்று தன் நெஞ்சைத் தொட்டு அளப்பார். பிறகு பலகையில் கோடு போடுவார். சில நாள் காலையில் எழுந்து, முந்தின நாள் ஒட்டியதைப் பிய்த்துப் போடுவார். தூக்கத்தில் ஞாபகம் வந்ததாம், அது அந்த இடத்தில் இல்லையாம்.

டின்பால் டப்பாவை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மடித்து, கம்பி கோத்துச் சங்கிலிப் பட்டை செய்தார். அது மட்டும் ஒரு மாரிகாலம் பிடித்தது. சக்கரங்களை மூடிப் பக்கவாட்டில் ஒரு கவசம். அதில் வரிசையாகச் சரிந்த வாசல்கள். உள்ளே சேரும் சேறு வழிந்து விழுவதற்காம்.

"பாலைவனத்துல சேறு ஏதுங்க மாமா?" என்று கேட்டேன்.

"இதச் செஞ்சவன் நம்ம தோட்டத்து ரோட்ட நெனச்சுச் செஞ்சிருக்கான்" என்றார்.

அவர் விளையாட்டாகப் பேசியது மிகக் குறைவு. அதனால் இது எனக்கு நினைவில் இருக்கிறது.

அந்த டாங்கி ரகத்துக்கு மட்டில்டா என்று பெயராம். வேலை செய்துகொண்டிருக்கும்போது தனக்குள்ளேயே மட்டில்டா இப்படி, மட்டில்டா அப்படி என்று பேசிக்கொள்வார். இதை ஏற்கெனவே காதில் வாங்கிய அம்மா, ஈஜிப்டில் மட்டில்டா என்று ஒரு வெள்ளைக்காரி இருக்கிறாள், தம்பி கல்யாணம் வேண்டாம் என்பதே அவளால்தான் என்று முடிவு கட்டி வைத்திருந்தாள். சண்டை வரும்போதெல்லாம் பெயர் சொல்லாமல் அந்தப் பெண்ணைத் திட்டுவாள். டாங்கி உருவாகி நின்ற நாளில்தான் விஷயம் தெரிந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இவளாடா?"

"இவதான்க்கா."

"இவ பின்னாடி என்னாடா தொங்குது?"

"தண்ணி டின்னு மாட்டுற எடம்."

அப்பா சும்மா இருந்திருக்கலாம். "அப்ப தண்ணியும் இருக்கு, டாங்கியும் இருக்கு" என்றார். மாமா அன்றைக்கும் சாப்பிடவில்லை.

கடைசியாக வர்ணம் பூசினார். மணல் நிறம், சாம்பல் நிறம், நீலம் என்று மூன்றும் சாய்ந்து சாய்ந்து வரும் பட்டைகள். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு டாங்கி எது, வெறும் நிலம் எது என்று தெரியாமல் இருக்கத்தானாம். துணிக்குப் போடும் நீலத்தை வார்னிஷில் கலந்தார். எல்லாம் முடிந்து கவிழ்த்துப் பார்த்தபோது, அடிப்பாகத்துப் பலகையில் தேயிலைப் பெட்டியின் கறுப்பு எழுத்துகள் அப்படியே இருந்தன. எங்கள் தோட்டத்தின் பெயர், அதன் கீழே சிலோன் என்று பெரிதாக. அதன் மேலும் வர்ணம் பூசலாம் என்று நான் சொன்னேன். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

கையெழுத்துப் போட வரச்சொல்லி ஆள் வந்தது. மாமாவோடு என்னையும் போகச் சொன்னாள் அம்மா. கோபக்காரன், சின்னப் பிள்ளை கூட இருந்தால் வாயை அடக்குவான் என்பது அவள் கணக்கு. டாங்கியைச் சாக்கில் பொதிந்து, ஹட்டன் பஸ்ஸில் மாமா மடியில் வைத்துக்கொண்டார். வளைவுகளில் நான் அவர்மேல் சரிந்தபோதெல்லாம் ஒரு கையால் என்னைத் தள்ளி, மறுகையால் அதை அணைத்துக்கொண்டார்.

கந்தோரில் நீளமான அறை. பெரிய மேசைக்குப் பின்னாலிருந்த நாற்காலி காலியாக இருந்தது. பெரியவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பக்கத்துச் சின்ன மேசையில், நெற்றியில் திருநீறோடு, கண்ணாடி போட்ட ஒருவர். பெரியவர் இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் சொல்லுகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பேசியது தமிழ்தான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பாதி விளங்கவில்லை. மாமாவை அவர் 'நீர், நீர்' என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் மரியாதையானால் நீங்க, இல்லையென்றால் நீ. 'நீர்' என்றால் தண்ணீர் என்று பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். இந்த மனிதரும் மாமாவைத் தண்ணி என்றுதான் கேலி செய்கிறார் என்று எனக்குப் பட்டது.

அவர் தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். யுத்த காலம் முழுவதும் தோட்டத்துத் தண்ணித் தாங்கியில் வேலை. இதிலே கையெழுத்துப் போடும் என்றார்.

"அது தப்புங்க" என்று மாமா சாக்கைத் தூக்கி மேசைமேல் வைத்தார். சாக்கின் வாயை அவிழ்த்துக் கீழே இறக்கினார். மட்டில்டா வெளியே வந்தது. "நான் இருந்தது இந்த டாங்கிங்க. ஈஜிப்டுல."

அந்த மனிதர் டாங்கியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, அவசரமாக, அடிக்குரலில் சொன்னார்:

"உதை உள்ளுக்கை வையும். ஐயா வாறதுக்கு முன்னம். கெதியா. உதை!"

ஐயா வருவதற்கு முன் உதை விழும் என்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது. மாமாவுக்கும் அப்படித்தான் விளங்கியிருக்க வேண்டும்.

"ஒதையா? யார ஒதைக்கிறீங்க? ஒதைங்க பாப்பம்."

அந்த மனிதர் வாசலை இன்னொரு முறை பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவர் வந்துவிட்டார்.

பெரியவர் ஒரு சிங்களக் கனவான். நல்ல மனிதர். மேசைமேல் இருந்ததைக் கண்டதும் குழந்தை போல ஆகிவிட்டார். குனிந்து பார்த்தார். மேல்கூண்டைத் திருப்பினார், அது திரும்பியது. குடைக்கம்பிப் பீரங்கியை ஏற்றி இறக்கினார். சங்கிலிப் பட்டையை விரலால் உருட்டி, வாய்விட்டுச் சிரித்தார். கையில் எடுத்துக் கவிழ்த்து, அடியில் இருந்த எழுத்தை "சிலோன்" என்று சத்தமாக வாசித்தார். பிறகு உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டு ஏதோ கேட்டார்.

யாழ்ப்பாணத்து ஐயா அதை உடனே தமிழில் சொல்லவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"வடிவா யோசிச்சுச் சொல்லும். யுத்த நேரம் நீர் தோட்டத்துத் தண்ணித் தாங்கியிலைதானே வேலை செய்தனீர்? இது சும்மா விளையாட்டுக்குச் செய்ததுதானே?"

இவ்வளவு பார்த்த பிறகும் இந்த ஆள் தண்ணி டாங்கி என்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிகாலைச் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, பெரியவரைப் பார்த்துப் பட்டாளத்தில் படித்த இங்கிலீஷில் நேராகவே பதில் சொன்னார்:

"நோ சார். ஈஜிப்ட் சார். திரீ இயர்ஸ் சார்."

யாழ்ப்பாணத்து ஐயா தன் மேசையில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பெரியவர் எழுதினார். எழுதுவதற்கு முன் டாங்கியை ஒருமுறை பார்த்தார். எழுதி முடித்தும் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மாமா இங்கிலீஷிலேயே கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்து ஒரு சல்யூட் அடித்தார். பெரியவர் எழுந்து நின்று கை கொடுத்தார். மாமா சொன்னது போலவே எழுந்து நின்றார்.

ஹட்டன் கடையொன்றில் மாமா எனக்குச் சீனி தூவிய பணிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். தனக்கு வெறும் தேத்தண்ணீர். "எந்திரிச்சு நின்னத நீ பார்த்தல்ல, புள்ள? ஒங்கப்பன்கிட்ட நீயே சொல்லணும்" என்றார். அன்று சாயங்காலம் டாங்கியை இஸ்தோப்பில் ஒரு பெட்டிமேல் வைத்தார். லயத்து ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். கங்காணி மேல்கூண்டைத் திருப்பிவிட்டு, "இதுதான் அந்த டாங்கியா?" என்று கேட்டு, "மன்னிச்சுக்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் யாரும் மாமாவைத் தண்ணி டாங்கி என்று கூப்பிடவில்லை. மாமா சிரித்துப் பேசினார். இரண்டு வேளையும் சாப்பிட்டார். பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டதற்குக்கூட இல்லை என்று சொல்லவில்லை. அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்த காலம் அது ஒன்றுதான். அதுவும் அடுத்த மழை தொடங்கும்வரை.

மழை தொடங்கியபோது பதில் வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் வாசித்துச் சொன்னார். இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான் பதிவு. இவர் யுத்த காலத்தில் மூன்று வருஷம் வெளியே இருந்ததாக இவரே சொல்லியிருக்கிறார். ஆகவே மறுக்கப்படுகிறது.

"வெளியன்னா?" என்று அம்மா கேட்டாள். "அவன் என்ன ஊர் சுத்தவா போனான்? அவங்கதானே கூட்டிட்டுப் போனாங்க?"

வாத்தியார் 'தொடர்ந்து' என்ற சொல்லை மட்டும் இன்னொரு முறை சொன்னார். அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தண்ணி டாங்கி என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் மாமா ஒரு நாள்கூட இந்த நாட்டை விட்டுப் போகாதவர். அப்பா வெளியே போய் மழையில் நின்றார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்போது விளங்கியது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா டாங்கியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் போனார். நான் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டாங்கியின் மூடியைத் தூக்கினார். உள்ளே இறக்கினார். அதில் ஈயம் நிறைய இருந்ததால் மிதக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். சில நாள் குழாய்த் தண்ணீரில் வார்னிஷ் வாசம் வந்தது. சோற்றிலும் வந்தது. எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

மறுக்கப்பட்ட பிறகும் அவர் இருந்திருக்கலாம். எத்தனையோ பேர் எந்த நாடும் இல்லாமல் தோட்டங்களில் கொழுந்தெடுத்துக்கொண்டு இருந்தார்கள். மாமா கேட்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீட்டில் எதற்கு நிற்க வேண்டும் என்றார். இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்தார். ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா கப்பல் துறைக்குப் போகும் ரயிலின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். அப்பாதான் பிடித்து இழுத்தார். மாமா ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். கையாட்டக்கூட இல்லை. துறையூர்ப் பக்கம் போனதாக யாரோ சொன்னார்கள். அங்கே அவரை யாருக்கும் தெரியாது என்று வேறு யாரோ சொன்னார்கள். அம்மா கொஞ்ச காலம் தபால்காரரைப் பார்த்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள்.

நான் அந்த யாழ்ப்பாணத்துக்காரரை மனதார வெறுத்து வளர்ந்தேன். மாமாவுக்கு நடந்ததற்கெல்லாம் அவர்தான் காரணம் என்று எனக்கு ஒரு தீர்மானம். உதைப்பேன் என்றாரே, பெரியவரிடம் அவர்தான் ஏதோ போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அம்மா சாகும்வரை, விளக்கு வைக்கும் நேரத்தில், முகம் தெரியாத அந்த மனிதருக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வளர்ந்த பிறகு ஆசிரியப் பயிற்சிக்காக ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி. ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என் சேலை ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"உதை உள்ளுக்கை எடும். மழை வரப்போகுது."

"என்ன உதை?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "உது" என்று சேலையைக் காட்டினாள். "இது, அது எண்டு சொல்லுறேல்லையே? அதுமாதிரித்தான் உது, உதை. உமக்குக் கிட்ட இருக்கிறது."

சேலையை எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உதை உள்ளுக்கை வையும், ஐயா வாறதுக்கு முன்னம். சாக்குக்குள் திருப்பி வை, அவர் கண்ணில் படாமல் மறைத்துவிடு என்று அந்த மனிதர் கெஞ்சியிருக்கிறார். தண்ணித் தாங்கிதானே, தண்ணித் தாங்கிதானே என்று தன் வேலையைப் பணயம் வைத்துக் கேட்டிருக்கிறார். அந்தக் கந்தோரில் சட்டமும் தெரிந்து, மாமாவின் மேல் இரக்கமும் இருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் தமிழில்தான் பேசினார், நாங்களும் தமிழர்கள்தான்.

மாமாவுக்கு எழுதத்தான் தோன்றியது. அவர் உங்களை உதைக்கவில்லை மாமா, அது வேறு சொல், என்று. விலாசம் எங்களிடம் இல்லை.